மொழியால் இணைந்தும் அடையாளத்தால் தனித்தும்: ஏ.எம்.ஏ. அஸீஸ் காட்டிய வழி

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனை வரை சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் மாறி மாறி அமைந்துள்ளன. கல்லடியைத் தாண்டினால் காத்தான்குடி, அதனையடுத்து ஆரையம்பதி. தெற்கே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று இவ்வொழுங்கு வாவி முடிந்த பின்னரும் தொடர்கின்றது. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல் வாழ்பவர்கள் என இம்மக்களைப் பற்றி மேடைகளில் பேசப்படாத நாளில்லை. ஆயினும், குழலில் மாவும் பூவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவேயன்றி ஒன்றுள் ஒன்று கரைந்து விடுவதில்லை என்ற உண்மையை அவ்வுவமையைக் கையாள்வோர் எண்ணிப் பார்ப்பது குறைவு.

அந்த உண்மையைத் தம் வாழ்க்கையாலும் எழுத்தாலும் உணர்த்திச் சென்றவர் கல்விமான் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள். யாழ்ப்பாணத்திற் பிறந்து, கொழும்பிற் பணியாற்றி மறைந்த அவரது வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது கல்முனையாகும். 1942 முதல் 1944 வரை அங்கு அவர் உதவி அரசாங்க அதிபராகக் கழித்த காலமே, ஒரு சமூகத்தின் அடையாளம் எதில் தங்கியுள்ளது என்ற வினாவுக்கு அவர் பின்னாளில் அளித்த விடையை உருவாக்கியது எனலாம். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் எல்லைகளையும் அலுவலகங்களையும் முன்வைத்து முரண்பட்டு நிற்கும் வேளையில், அவ்விடையை நாம் மீண்டும் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

வண்ணார்பண்ணை தந்த கல்வி

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் 1911 ஒக்டோபர் 4 ஆந் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்தார். தந்தையார் எஸ்.எம். அபூபக்கர் யாழ்ப்பாண முஸ்லிம்களிடையே நன்கு அறியப்பட்ட சட்டத்தரணியும் பொதுவாழ்வில் ஈடுபட்டவருமாவார். குர்ஆன் மத்ரசாவில் ஓதக் கற்றுக்கொண்ட சிறுவன், பின்னர் இராமகிருஷ்ண சங்கத்தின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், தொடர்ந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றான். வீட்டிலும் பள்ளிவாசலிலும் முஸ்லிமாகவும், வகுப்பறையில் சைவ மாணவர்களுக்கு நடுவே தமிழிலக்கியம் கற்பவனாகவும் அவன் வளர்ந்தான். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

1929 இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து வரலாற்றிற் சிறப்புப் பட்டம் பெற்ற அஸீஸ், மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். எனினும் 1935 இல் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவானதையடுத்து நாடு திரும்பினார். அச்சேவையில் நுழைந்த முதலாவது முஸ்லிம் அவரேயாவார். ஆங்கிலேயர் ஆட்சியில் ஓர் இளைஞன் அடையக்கூடிய மிக உயர்ந்த பதவிப் படிக்கட்டில் கால் வைத்துவிட்ட அவர், தம்மை மட்டும் பார்த்துக்கொண்டு வாழ்ந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கப் போவதில்லை. ஆனால், அவர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்ட ஒரு விவாதம் அவரது தலைமுறைக்காகக் காத்திருந்தது.

பெயரைப் பற்றிய பிணக்கு

அந்த விவாதம் 1880 களில் எழுந்தது. சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வழங்குவது பற்றிப் பேசப்பட்ட காலம் அது. அச்சபையில் தமிழர்களின் பிரதிநிதியாக வீற்றிருந்த பொன்னம்பலம் இராமநாதன், 1888 இல் வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரையைச் சமர்ப்பித்தார். மொழி, பழக்கவழக்கம், உடலமைப்பு ஆகியவற்றை ஆராய்ந்த அவர், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே எனவும் மதத்தால் மட்டுமே வேறுபட்டவர் எனவும் அதில் வாதிட்டார். அதற்கு மறுவருடமே சட்டநிரூபண சபைக்கு முதலாவது முஸ்லிம் உறுப்பினராக எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

இராமநாதனின் கருத்துக்கு நூல்வடிவில் விரிவான மறுப்பு எழுதியவர், நாம் இங்கு பேசும் அஸீஸுக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் என்பவராவார். 1907 இல் வெளிவந்த அம்மறுப்பு, சோனகரின் முன்னோர் அறபு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றும், தமிழ் அவர்களுக்கு வணிகத்தாலும் அயலுறவாலும் வாய்த்த மொழியென்றும் நிறுவ முயன்றது. 1915 கலவரத்தின் பின்னர் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் குரல் கொடுத்தபோது, தாக்கப்பட்ட தங்களின் துயரம் மறக்கப்பட்டதாக முஸ்லிம்கள் கருதினர். அந்த மனக்காயம் நீண்டகாலம் ஆறவில்லை.

இரு தரப்பு வாதங்களிலும் ஒரு பொதுவான குறை இருந்ததை இன்று நாம் காணலாம். ஒரு மக்கட் கூட்டம் யாரென்பதை அதன் இரத்தத்தைக் கொண்டும் பூர்வீகத்தைக் கொண்டும் தீர்மானித்துவிடலாம் என்று இரு தரப்பினருமே எண்ணினர். ஆனால், இனப் பெயர்கள் கடந்து வந்த பாதை அத்தனை நேரானதன்று. சோனகர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். யவனர் என்ற பழஞ்சொல்லின் திரிபாக அறிஞர் கருதும் அச்சொல், ஆதியில் கிரேக்கரைக் குறித்துப் பின்னர் அறபியரைச் சுட்டி, இறுதியில் நம்மிடையே வாழும் ஒரு சமூகத்தின் பெயராயிற்று.

கிரேக்கத்தின் அயலிலேயே இதற்கு நிகரான பிணக்கொன்று நிகழ்ந்தமை கவனத்திற்குரியது. மசிடோனிய மக்கள் தனியான ஒரு மக்களல்லர், அவர்கள் பேசுவது எமது மொழியின் கிளைவழக்கே என்று பல்கேரியர் பலர் கூறினர். மசிடோனியா என்ற பெயர் அலெக்சாந்தரின் வழி வந்த எமக்கே உரியதென்று கிரேக்கர் கூறினர். 1944 இல் யூகோஸ்லாவியாவின் ஓர் அங்கமாக மசிடோனியக் குடியரசு அமைந்தபோது, அதன் மொழிக்கு அரச மொழி என்ற தகுதி கிடைத்தது. 1991 இல் அது சுதந்திர நாடானது. 1993 இல் தற்காலிகப் பெயரொன்றுடனேயே ஐக்கிய நாடுகள் சபையில் இடம்பெற்றது. 2018 ஆம் ஆண்டு கிரேக்கத்துடன் செய்துகொண்ட பிரெஸ்பா உடன்படிக்கையின் பின்னர், 2019 இல் வட மசிடோனியா என்ற பெயரை ஏற்றது. இருந்தும் மொழியையும் வரலாற்றையும் காரணங்காட்டி 2020 இல் பல்கேரியா அந்நாட்டின் ஐரோப்பிய ஒன்றியப் பிரவேசத்துக்குத் தடை போட்டது. நீ நீயல்ல, நீ நானே என்று அயலவன் சொல்லச் சொல்ல, ஒரு மக்களின் தனித்துவ உணர்வு வலுக்குமேயன்றித் தேய்வதில்லை என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.

அப்பாடத்தை இலங்கைச் சூழலில் தாமாகவே உணர்ந்துகொண்டவராக ஏ.எம்.ஏ. அஸீஸை நாம் காண்கிறோம். அவ்வுணர்வு வளர்வதற்கு ஏற்ற களமாகக் கல்முனை அமைந்தது.

கல்முனையில் கழிந்த காலம்

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. பர்மா வீழ்ந்தமையால் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றுபோயிற்று. நாட்டில் உணவுற்பத்தியைப் பெருக்குவது யுத்தகால அரசாங்கத்தின் உடனடித் தேவையானது. அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாகவிருந்த கல்முனையில் (அம்பாறை தனி மாவட்டமானது 1961 இலேயே) அவசரகால உதவி அரசாங்க அதிபர் பணிமனை ஒன்று அமைக்கப்பட்டு, அதன் பொறுப்பு அஸீஸிடம் ஒப்படைக்கப்பட்டது. காடழித்து நெல் விளைவிக்க விவசாயிகளை ஊக்குவிப்பது அவரது தலையாய கடமையாக இருந்தது.

கொழும்பு வணிகரையும் யாழ்ப்பாண நகர்ப்புற முஸ்லிம்களையும் மட்டுமே அறிந்திருந்த அவ்வதிகாரிக்கு, கிழக்கு வேறோர் உலகத்தைக் காட்டியது. அங்கே முஸ்லிம் சமூகத்தின் முதுகெலும்பாக விளங்கியவர்கள் உழவர்கள். போடியார், வட்டவிதானை முதலிய வயற்காட்டுச் சொற்கள் இரு சமூகத்தாருக்கும் பொதுவாக இருந்தன. தாய்வழியாக வரும் குடி முறை இரு சாராரிடமும் நிலவிற்று. கோயில் வண்ணக்கரும் பள்ளிவாசல் மரைக்காரும் குடிவழியாகத் தெரிவாகும் மரபு இருந்தது. வீட்டைப் பெண்ணுக்கே சீதனமாக எழுதிக் கொடுக்கும் வழக்கமும் பொதுவாயிருந்தது. முக்குவருக்கும் திமிலருக்கும் மூண்ட போரில் முக்குவருக்கு முஸ்லிம்கள் துணைநின்றனர் என்ற கர்ண பரம்பரைக் கதை இரு பக்கத்தாராலும் சொல்லப்பட்டது. போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 17 ஆம் நூற்றாண்டில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது வரலாறு. வயலோரத்திலும் வாசற்படியிலும் பாடப்பட்ட கவிகளில் தமிழ் எத்துணை உயிர்த்துடிப்போடு வாழ்கின்றது என்பதைக் காதுள்ளோர் எவரும் உணரலாம்.

இவ்வளவு பொதுமைக்கு நடுவிலும் அம்மக்கள் தம்மை முஸ்லிம்கள் என்றே கூறிக்கொண்டனர். மொழி ஒன்றாயிருப்பதால் மட்டும் தனித்துவம் அழிவதில்லை என்பதற்கும், தனித்துவம் பேணுவதற்காக மொழியைத் துறக்கத் தேவையில்லை என்பதற்கும் அவர்களின் வாழ்க்கையே சாட்சியாக இருந்தது. இராமநாதனும் அப்துல் அஸீஸும் ஏட்டில் நடத்திய விவாதத்துக்கு, வாவிக்கரை மக்கள் தம் நாளாந்த வாழ்வில் என்றோ விடை கண்டிருந்தனர்.

கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவு சுவாமி விபுலாநந்தரின் பிறந்தகமாகும். வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர் என முஸ்லிம் ஊர்களால் சூழப்பெற்ற அவ்வூரிற் பிறந்து, கல்முனையிற் கல்வி கற்று, 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய சுவாமிகள், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். அவருக்கும் அஸீஸுக்கும் இடையே நெருங்கிய நட்பு மலர்ந்தது. வசதியற்ற பிள்ளைகளின் கல்விக்காகத் துறவி ஒருவர் ஆற்றும் பணியைக் கண்ட அஸீஸ், தம் சமூகத்தின் பின்னடைவுக்கு மருந்து எதுவென்று தெளிந்தார். 1942 இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. காவியுடுத்த ஒரு துறவியின் நட்பு, முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்கு வழிதிறந்த அந்நிகழ்ச்சி, பிட்டையும் தேங்காய்ப்பூவையும் விடச் சிறந்த எடுத்துக்காட்டென்பதில் ஐயமில்லை.

கல்வியே அடையாளத்தின் காவல்

கல்முனையில் இட்ட வித்து 1945 மே மாதத்தில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக முளைத்தது. திறமையிருந்தும் வசதியற்ற மாணவர்கள் உயர்கல்வி பெற அந்நிதி துணைநின்றது. கிராமத்து உழவனின் மகன் பல்கலைக்கழகத்துக்குப் போகாதவரை, அச்சமூகத்தைப் பற்றி எப்போதும் பிறரே எழுதிக்கொண்டிருப்பர் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

1948 இல் அஸீஸ் எடுத்த முடிவு பலரை வியப்பிலாழ்த்தியது. சிவில் சேவையைத் துறந்து, ரி.பி. ஜாயாவின் பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் பொறுப்பை அவர் ஏற்றார். 1961 வரை அவர் நடத்திய அக்கல்லூரி, நாட்டின் பல பாகத்து முஸ்லிம் மாணவர்களுக்கும் பிற சமூகத்து மாணவர்களுக்கும் அறிவுக்கூடமாகத் திகழ்ந்தது. கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி அங்கு பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றிப் பேராசிரியராக உயர்ந்தார். ஒரு முஸ்லிம் மாணவனை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவாக்கியது. அவர் அதிபராயிருந்த முஸ்லிம் கல்லூரி ஒரு தமிழறிஞரை உருவாக்கியது. இதனை வெறும் தற்செயல் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

1950 இல் அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. இயக்கத்தின் தோற்றத்துக்கு அவர் முன்னின்றார். சோனகர் என்ற பெயரா, முஸ்லிம் என்ற பெயரா முன்னிற்க வேண்டும் என்று அக்கால அமைப்புகள் தமக்குள் போட்டியிட்டன. மூதாதையரின் நாட்டைக் காட்டிலும், இன்றைய இளைஞனின் அறிவும் ஒழுக்கமுமே சமூகத்தின் பெயரைக் காப்பாற்றும் என்பது அஸீஸின் செயல்கள் அனைத்திலும் ஊடுருவி நின்ற எண்ணமாகும்.

1956 ஆம் ஆண்டின் சோதனை

அவரது கொள்கைக்குக் கடுமையான சோதனை 1956 இல் வந்தது. 1952 முதல் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் மேற்சபை உறுப்பினராக அவர் இருந்துவந்தார். சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற நிலைப்பாட்டை அக்கட்சியும் ஏற்றுக்கொண்டபோது, அஸீஸ் அதிலிருந்து விலகினார். அந்நேரத்தில் முஸ்லிம் தலைவர்கள் சிலர் சிங்களத்தை ஏற்பதே தம் சமூகத்துக்குப் பாதுகாப்பு எனக் கருதினர். நாடெங்கும் சிதறி, பெரும்பான்மையினரின் நடுவே கடை வைத்துப் பிழைப்போரின் அச்சத்திலிருந்து பிறந்த நிலைப்பாடு அதுவென்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அஸீஸின் கண்முன் நின்றது கல்முனை உழவனின் பிள்ளையாக இருந்திருக்க வேண்டும். தமிழைத் தவிர வேறொரு மொழி அறியாத அப்பிள்ளைக்குச் சிங்களம் மட்டும் சட்டம் என்ன நீதியை வழங்கும்?

தம்மைத் தமிழர் என்று கூறிக்கொள்ளாத ஒருவர், தமிழ்மொழிக்கு அநீதி இழைக்கப்பட்டபோது தமது அரசியல் ஆதாயத்தைக் கைவிட்டார். தமிழரசியல் முஸ்லிம்களைத் தமிழினத்தின் உட்பிரிவாகக் கணக்கிட்டுக் கேட்டுப் பெற முடியாத ஆதரவை, தனித்துவத்தை வலியுறுத்திய ஒருவர் தாமாக முன்வந்து அளித்தார். வேற்றுமையை ஒப்புக்கொள்வதே உறவுக்கு உறுதியான அடித்தளமாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

எழுத்திலும் இதே வழியையே அவர் பின்பற்றினார். 1963 இல் வெளியான இலங்கையில் இஸ்லாம் என்ற அவரது தமிழ் நூல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. சித்திலெப்பையையும், எகிப்திலிருந்து 1883 இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட ஒறாபி பாஷாவையும் உள்ளிட்ட மறுமலர்ச்சி வரலாறு அவரது ஆர்வத்துக்குரிய துறையாக இருந்தது. அறபு எழுத்தில் தமிழை எழுதிய முன்னோரின் அறபுத்தமிழை அவர் பெருமையுடன் எடுத்துரைத்தார். எழுத்து அறபு, மொழி தமிழ், பொருள் இஸ்லாம். கலப்பென்று சிலர் நாணிய ஒன்றை, தம் சமூகத்தின் முகவரியாக அவர் கண்டார்.

மறைவுக்குப் பின்னர்

1973 நவம்பர் 24 ஆந் திகதி அஸீஸ் இறையடி சேர்ந்தார். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவரது மறைவுக்குப் பின்னான கலாநிதிப் பட்டத்தை வழங்கித் தன் மண்ணின் மைந்தரைக் கௌரவித்தது. ஆனால் பத்தாண்டுகள் கழிந்து, 1990 ஒக்டோபரில் அதே யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் சில மணிநேரத்தில் வெளியேற்றப்பட்டனர். அவர் பிறந்த வண்ணார்பண்ணையின் முஸ்லிம் தெருக்கள் வெறிச்சோடின. அதற்கு முன்னர், ஓகஸ்ட் மாதத்தில், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரும் ஏறாவூரில் உறங்கிக்கொண்டிருந்தோரும் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனையில் கோயிலிலே தஞ்சமடைந்திருந்த தமிழரும் கொல்லப்பட்டனர். எப்பக்கத்துச் சாவையும் மற்றைய பக்கத்துச் சாவைக் காட்டி ஈடுசெய்ய முடியாது.

அக்காலத்தின் வடுக்கள் நிறுவனங்களாகவும் எல்லைகளாகவும் நிலைத்துவிட்டன. முஸ்லிம் மாணவர்கள் வந்தாறுமூலைக்குச் சென்று கற்க முடியாத சூழலில், 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி அடுத்த ஆண்டு பல்கலைக்கழகமானது. கல்முனையிலே, வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது பற்றிய பிணக்கு 2019 இல் உண்ணாவிரதமாகவும் 2024 இல் தொடர் போராட்டமாகவும் வெடித்தது. தமிழரின் கோரிக்கையிலும் நியாயமுண்டு; நகரின் வருவாயையும் நிலத்தையும் இழந்துவிடுவோமா என்ற முஸ்லிம்களின் அச்சத்திலும் பொருளுண்டு. அஸீஸ் அமர்ந்து இரு சமூகத்துக்கும் நெல் விதைக்கக் காணி காட்டிய அவ்வூரிலேயே, எவருடைய அலுவலகம் எதுவரை என்ற வாக்குவாதம் தொடர்வது வேதனைக்குரியது.

அஸீஸின் வழி எல்லாப் பிரச்சினைகளுக்கும் தீர்வானது என நாம் கூறவரவில்லை. கல்வியில் அவர் காட்டிய தெளிவு, கிழக்கு முஸ்லிம்களின் அரசியல் அதிகாரம் பற்றிய வினாவுக்கு அவரது காலத்திலே விடை தரவில்லை. அவ்விடையைத் தேடியே 1981 இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸ் பிறந்தது. கல்வி பெற்ற ஒரு சமூகம் தனக்கான அரசியலையும் நாடும் என்பது இயல்பே. அதனைத் துரோகமெனத் தமிழ்த் தரப்பினர் எண்ணியதும், அதன்பின் தமிழுறவைச் சுமையென முஸ்லிம் தரப்பினர் சிலர் எண்ணத் தலைப்பட்டதும் ஒரே பிழையின் இரு பக்கங்களாகும்.

இன்று செய்யவேண்டியவை பெரிய காரியங்களல்ல. தமிழ்ப் பாடசாலைகளில் அறபுத்தமிழ் இலக்கியமும் இலங்கை முஸ்லிம்களின் வரலாறும், முஸ்லிம் பாடசாலைகளில் விபுலாநந்தரின் வாழ்வும் பணியும் உரிய இடத்தைப் பெறவேண்டும். கல்முனையின் எல்லைப் பிரச்சினையை இரு தரப்புக் கல்விமான்களும் உழவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேசவேண்டும். பேச்சுக்கு முன்னர் ஒரு நிபந்தனை மட்டும் போதுமானது. எதிரே இருப்பவர் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்கின்றாரோ, அப்பெயராலேயே அவரை அழைப்போம் என்று இரு தரப்பும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பேசுவதற்குரிய பொதுமொழி வாவிக்கரையில் ஏற்கெனவே இருக்கின்றது. அம்மொழியில் ஒருவருக்கொருவர் செவிசாய்ப்பதே அன்னாருக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலியாகும்.